பல்லி மூடியில்லாமல் இறங்கிய சுவர்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பல்லியை முதன்முதலாகச் சந்தித்தேன். எங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடி இருந்தது. நான் பதினோராம் மாடியில் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அவரும் பதினோராம் மாடியில்தான் அமர்ந்திருந்தார், ஆனால் காற்றில். ஒரு பலகை, இரண்டு கயிறுகள், இடுப்பில் ஒரு வாளி. இவற்றை நம்பி ஒரு மனிதர் அந்தரத்தில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரையைப் பூசினார். என்னைப் பார்த்தார். விரலால் நுரையில் ஏதோ எழுதினார். உள்ளேயிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்படி, எழுத்துகளை வலமிடமாகத் திருப்பி, 'டீ உண்டா?' என்று எழுதியிருந்தார். என் வாழ்நாளில் அதுபோல ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன். அவர் ஒரே இழுப்பில் நுரையை வழித்தெடுத்து, அடுத்த மாடிக்கு இறங்கிப்போனார்.

திறக்க முடியாத கண்ணாடி வழியாக டீ கொடுக்க இயலாது. ஆகவே கோப்பையை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் கீழே போனேன். அவர் தரையில் கால் வைத்ததும் கோப்பையை நீட்டினேன்.

"ஐயோ சார், நான் விளையாட்டுக்குக் கேட்டேன். நீங்க நிஜமாவே கொண்டு வந்துட்டீங்களா! இத்தனை வருஷத்துல நீங்கதான் முதல் ஆள். மத்தவங்க எல்லாம் திரையை இழுத்து மூடிடுவாங்க."

அவர் சிரித்தபோது மதுவாடை வந்தது. கோப்பை அவர் கையில் தட்டோடு சேர்ந்து கிலுகிலுத்தது.

நான் அக்கட்டடத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் பணிபுரிபவன். வெளிச்சுவரில் ஆள் இறங்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் மொட்டைமாடியில் உடனிருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த வாரமே அந்தப் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. அதனால் பல்லியையும் அவருடைய கூட்டாளிகளையும் கண்ணாடி இல்லாமல் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

அந்தக் குழுவில் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் புழக்கத்தில் இல்லை. மூச்சுவிடாமல் பேசுகிறவர் ரேடியோ. ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குகிறவர் மேஸ்திரி. சுவரோடு ஒட்டிக்கொண்டு, எந்த மூலையையும் விடாமல் துடைத்துவிட்டு வருகிறவர் பல்லி. அவர் மனைவியே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், "எங்க வீட்டுப் பல்லி தரைக்கு வந்தாச்சாங்க?" என்றுதான் கேட்பார்.

மனிதர்களுக்கு மட்டுமன்று, கருவிகளுக்கும் பட்டப்பெயர் உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறுகள். ஒன்றில் பலகை தொங்கும். மற்றொன்று காப்புக் கயிறு. அந்தக் காப்புக் கயிற்றில் ஓர் இரும்புப் பிடி மாட்டப்பட்டு, ஆளின் இடுப்புப் பட்டையோடு இணைந்திருக்கும். ஆள் இறங்க இறங்க அதுவும் கூடவே ஓடிவரும். ஆள் தவறி விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கூட ஓடிவந்து, வேண்டிய நேரத்தில் கடிப்பதால் அதற்கு நாய் என்று பெயர்.

காலையில் கயிறுகளைக் கட்டி முடித்ததும் எல்லோரும் கைப்பிடிச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி ஒரு மதுப்புட்டியோடு வருவார். அதன் மூடியிலேயே ஊற்றிக் கொடுப்பார். ஆளுக்கு ஒரு மூடி. வாங்கியவர் அண்ணாந்து மூடியை வாயில் கவிழ்க்கும் அந்த நொடியில், மேஸ்திரி தம் வெறுங்கையால் அவருடைய நாயைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார்.

"நாய் கடிக்குதா?"

"கடிக்குது!"

அடுத்தவர். அவருக்கும் ஒரு மூடி, ஓர் இழுப்பு, ஒரு கேள்வி. இப்படி வரிசை முடிந்ததும் ஒருவர்பின் ஒருவராகச் சுவரைத் தாண்டுவார்கள். இந்தச் சடங்கு எங்கள் அலுவலகத்துக்கு நன்றாகவே தெரியும். கண்ணாடி பளபளத்தது, ஆகவே யாரும் எதுவும் கேட்கவில்லை. துடைக்கிறவரின் வாயில் என்ன வாடை என்பது கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

அந்த மூடி எப்படி வந்தது என்பதைப் பல்லி எனக்குப் பின்னாளில் சொன்னார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அவருடைய அண்ணனும் அதே குழுவில்தான் இருந்தார். வேறொரு கட்டடம், அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில். அக்காலத்தில் ஆளுக்கு ஒரே கயிறுதான். அண்ணன் ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கைப்பிடிச்சுவரின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து நைந்திருந்த அவருடைய கயிறு அறுந்தது. கதையின் பாதியோடு அண்ணன் போய்விட்டார். மீதிக் கதை என்னவாக இருக்கும் என்று பல்லி இன்றும் யோசிப்பதுண்டு.

சுவரும் பாதியில் நின்றது. ஒப்பந்தம் எடுத்த முதலாளி, அடக்கம் முடிந்த மறுநாளே ஆள் கேட்டார். யாரும் சுவரைத் தாண்டவில்லை. மேஸ்திரி அன்று இரண்டு காரியங்கள் செய்தார். முதலாளியோடு சண்டை போட்டு ஆளுக்கு இரண்டாவது கயிறும் நாயும் வாங்கி வந்தார். வரும் வழியில் ஒரு புட்டியும் வாங்கி வந்தார். முதல் மூடி பல்லிக்கு.

"குடிடா தம்பி. கை நடுங்காது. நாய் கடிக்குதான்னு நான் பாத்துக்குறேன்."

அன்று அழுவதற்கு யாருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை, மூடி கிடைத்தது. காப்பும் குடியும் ஒரே காலையில், ஒரே கையிலிருந்து வந்தன. அதனால்தான் அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அக்குழுவில் எவருக்கும் தோன்றவே இல்லை.

ஒரு மூடி ஒன்றாகவே இருந்துவிடவில்லை. மொட்டைமாடிக்கு வருமுன் வீட்டில் ஒன்று, மதிய உணவுக்குமுன் ஒன்று, மாலையில் கணக்கில்லாமல் என்று அது குடும்பம் பெருக்கியது. காலையில் எழுந்தவுடன் பல்லியின் கை நடுங்கும். மூடி உள்ளே போனதும் நின்றுவிடும். ஆகவே மூடி என்பது நடுக்கத்துக்கான மருந்து என்றே அவர் உறுதியாக நம்பினார். அந்த நடுக்கத்தைக் கொண்டுவந்ததே மூடிதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. வயிறு எரிந்தது, தூக்கம் துண்டு துண்டானது. கனவில் அண்ணன் கதை சொல்லிக்கொண்டே இருப்பார், முடிக்க மாட்டார்.

இவையெல்லாம் செய்யாததை ஒரு பொம்மை செய்தது. பல்லியின் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தன் துணிப்பொம்மையின் இடுப்பில் அப்பாவின் பழைய கயிற்றுத் துண்டைக் கட்டினாள். கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்தாள். தண்ணீர்ப் புட்டியின் மூடியில் சொட்டுத் தண்ணீர் ஊற்றி அதன் வாயருகே கொண்டுபோனாள்.

"குடிச்சுக்கோ கண்ணு. குடிச்சாத்தான் கீழ விழமாட்டே."

வாசற்படியில் நின்று இதைப் பார்த்தவர்கள் இருவர். பல்லியின் மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுபவர்; எதற்கும் சட்டென்று கலங்காதவர். அவர் அலமாரியிலிருந்து பையை எடுத்து, துணிகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்.

"எங்க போறே?"

"அக்கா வீட்டுக்கு. நீங்க குடிக்கிறதைப் பாத்துப் பாத்து எனக்குப் பழகிப்போச்சுங்க. அவ ஊத்திக் கொடுக்கிறதைப் பாக்க என்னால முடியாது."

அதற்கு மறுநாள் பல்லி வேலைக்கு வரவில்லை. குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றில் தாமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ரேடியோ எல்லா மாடிகளுக்கும் ஒலிபரப்பினார்.

மையத்தில் இருந்த டாக்டரம்மா அவரிடம் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்கவில்லை. அதைப் பரிசோதனைக்கூடம் சொல்லிவிட்டது. அவர் கேட்டது வேறு.

"முதல் மூடியை ஊத்திக் கொடுத்தது யாரு?"

பல்லி அண்ணனின் கதையை முதன்முறையாக முழுவதும் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க அழுதீங்களா?"

"எங்க டாக்டர் அழறது? சுவர் பாக்கி இருந்துச்சே!"

சொல்லிவிட்டுப் பல்லியே சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை; மதிய உணவு மணி அடித்தபோதும் அவர் அழுதுகொண்டிருந்தார். அன்று மாலை வயிற்றெரிச்சல் இல்லாமல் சாப்பிட்டதாக என்னிடம் ஆச்சரியத்தோடு சொன்னார், ஏதோ சிறையிலிருந்து தப்பிவந்த செய்தியைச் சொல்வதுபோல.

மையத்தை விட்டுக் கிளம்பும் நாளில் டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார்.

"தரையில ஏதாவது வேலை பாக்கலாமே?"

"தரையில நடந்தா நான் மேசை நாற்காலி எல்லாத்துலயும் இடிச்சுக்குவேன் டாக்டர். சுவர்லதான் நான் மனுஷன்."

"அப்போ தனியாப் போகாதீங்க. கூட நிக்க யாரு இருக்காங்க?"

"எங்க கூட்டம் இருக்கு."

"மூடி ஊத்துற கூட்டமா?"

பல்லி தலையாட்டினார். பல்லிக்கு உலகத்தில் வேறு கூட்டம் இல்லை என்பது டாக்டரம்மாவுக்கும் புரிந்தது.

ரொட்டித் தொழிற்சாலை வாசலில் வேலை விடும் நேரத்தில் போய் மனைவியைப் பார்த்தார். அவர் கணவரை மேலும் கீழும் பார்த்தார்; கையை நீட்டச் சொன்னார்; புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். கை அசையவில்லை.

"தரையில நிப்பீங்கன்னு நம்பிக்கை வந்துடுச்சு. மேலே?"

"மேலேயும் நிப்பேன்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான் பதில். மூடி இல்லாமல் சுவரில் இறங்க முடிந்தால் வேலையும் உண்டு, வீடும் உண்டு. முடியாவிட்டால் இரண்டில் ஒன்றுதான்; குடித்தால் வீடு போகும், குடிக்காவிட்டால் வேலை போகும். பதினைந்து மாடிச் சுவர் ஒன்று அவருடைய வாழ்க்கைக்கு நடுவில் வந்து நின்றுகொண்டது.

அவர் திரும்பிவந்த காலையில் மொட்டைமாடி திருவிழாக்கோலம் பூண்டது. ரேடியோ தம் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தாளம் போட்டார்.

"வாங்கண்ணே! பல்லி வாலை அறுத்துப் போட்டுட்டு ஓடிப்போச்சுன்னு சொன்னாங்க, புதுவால் முளைச்சு வந்திருக்கு பாருங்க! கன்னம்கூட உப்பியிருக்கே. அங்க நல்ல சாப்பாடோ? எனக்கும் ஒரு படுக்கை சொல்லி வைங்க."

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க பேசவிடாம பிறத்தியார் பேசுறதைக் கேக்கச் சொல்லுவாங்க. நீ செத்துருவே."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் புட்டி இருந்தது.

"மூடி இல்லாம இந்தக் கூட்டத்துல யாரும் இறங்கினதில்லைடா."

"நான் இறங்குறேன் மேஸ்திரி."

"கை நடுங்கினா?"

"நடுங்கினா மேல ஏத்திடுங்க. அதுக்கப்புறம் கயிறு கேட்டு வரமாட்டேன். படிக்கட்டு கழுவப் போயிடுறேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கீழே, எதிர்ப்புற நடைபாதையில் வெள்ளைத் தொப்பி ஒன்று அசைந்தது. ரொட்டித் தொழிற்சாலைத் தொப்பி. வேலைக்கு நடுவே அனுமதி கேட்டு வந்திருக்க வேண்டும். பல்லியும் அதைப் பார்த்துவிட்டார், காதுவரை சிவந்துபோனார்.

வரிசை நின்றது. மதுவாடை தம்மேல் படக்கூடாது என்று பல்லி வரிசையை விட்டு விலகி, தண்ணீர்த்தொட்டியின் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மேஸ்திரி ஒவ்வொருவராக வந்தார். மூடி, இழுப்பு, கேள்வி. "கடிக்குது!" "கடிக்குது!" ரேடியோவுக்கு அடுத்த இடம் பல்லியின் இடம். பழக்கத்தில் மேஸ்திரியின் கை அங்கே நீண்டது; ஆள் இல்லை. கையை மடக்கிக்கொண்டு புட்டியை மூடினார். வரிசை முடிந்தது.

பல்லி தொட்டியோரத்திலிருந்து வந்து, பலகையை வெளியே விட்டு, கைப்பிடிச்சுவரைத் தாண்டினார். நாங்கள் எல்லோரும் அவர் கைகளையே பார்த்தோம். மேஸ்திரி பார்த்தார், நான் பார்த்தேன், பக்கத்துக் கயிற்றில் இறங்கிய ரேடியோ பார்த்தார். பல்லியும் தம் கைகளையேதான் பார்த்தார். அந்தக் கைகள் அசையாமல் கயிற்றைப் பிடித்திருந்தன!

"நடுங்கலை மேஸ்திரி! பாருங்க, நடுங்கலை!" என்று கீழேயிருந்து கத்தினார். ஒரு கையை எடுத்து விரல்களை விரித்துக் காட்டினார்.

"காட்டினது போதும்டா, கயிறைப் பிடி!"

உச்சி மாடிக் கண்ணாடி முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. நுரை பூசும் கை, வழிக்கும் கை, இறக்கும் கை எல்லாம் சொன்னபடி கேட்டன. காற்று மிதமாக இருந்தது. தன் சொந்தக் கையைப் புதிதாகச் சம்பாதித்துக்கொண்டதுபோல இருந்தது என்று பின்னர் சொன்னார். பன்னிரண்டாம் மாடிக்கு இறங்கியபோதுதான், கூடவே ஓடிவரும் நாயைச் சற்றுத் தளர்த்திவிடலாம் என்று பக்கவாட்டில் கையை நீட்டினார்.

காப்புக் கயிற்றில் நாய் இல்லை. அது அவருடைய இடுப்புப் பட்டையிலேயே, எதையும் கவ்வாமல், சாவிக்கொத்துபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தவறு வேறு யாருக்கும் நேராது. பத்தொன்பது வயது முதல் ஒவ்வொரு காலையும் மூடியைக் கவிழ்க்கும் நொடியில் இன்னொருவர் இழுத்துப் பார்த்ததுதான் அவருடைய நாய். 'நாய் கடிக்குதா' என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிட்டு மேஸ்திரி தம்மிடம் வரும்போதுதான் அவர் கை தானாகப் போய் அதை மாட்டும். மூடி வரிசையை விட்டு விலகியவர், அக்கேள்வி கேட்கப்படும் வரிசையையும் விட்டு விலகிவிட்டார். குடியிலிருந்து தப்பிய அதே அடியில், தம்மைக் காத்துவந்த கையிலிருந்தும் தப்பிப்போனார்.

இப்போது அவரும் அண்ணனைப்போலவே ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்.

சுவரில் இருப்பவர்கள் கீழே பார்ப்பதில்லை. பல்லி பார்த்தார். தரை எழுந்து அருகே வந்து மீண்டும் விலகியது. அதன்பிறகு கைகள் நடுங்கத் தொடங்கின. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ரேடியோ அதைப் பார்த்துவிட்டார். அடுத்து நடந்த பேச்சை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகச் சொல்லியிருப்பதால் நம்பலாம்.

"அண்ணே, என்னாச்சு?"

"நாயை மாட்டலைடா."

ரேடியோவின் ஒலிபரப்பு ஒரு கணம் நின்றது. பிறகு அவர் தம் வாளியில் கையை விட்டுத் துழாவி, ஈரத்துணிக்கு அடியிலிருந்து கைக்கடக்கமான ஒரு சின்னப் புட்டியை எடுத்தார்.

"ஒரே ஒரு மூடிண்ணே. மேல இருந்து தெரியாது. நடுக்கம் நின்னதும் நாயை மாட்டிக்குங்க. உயிர் முக்கியம். அப்புறம் நாளையில இருந்து நிறுத்திக்கலாம்."

அது வஞ்சகமன்று. ரேடியோவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான், அன்போடுதான் நீட்டினார். பல்லிக்கு வாடை வந்தது. நாக்கில் நீர் ஊறியது. உடம்பு முழுக்க அந்த மூடியை நோக்கிச் சாய்ந்தது என்றார் பல்லி, பலகைகூடச் சாய்ந்ததாம்.

"வேணாம்டா."

"அண்ணே, கை ஆடுதுண்ணே!"

"ஆடட்டும். நீ பேசு."

"என்னது?"

"பேசுடா! வாயை மூடாம இருப்பியே, இப்ப என்ன வந்துச்சு? எதையாவது பேசு. நிறுத்தாதே."

ரேடியோ பேசினார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரைப் பேசச் சொன்னது அதுவே முதல் தடவை. தம் மாமியாரைப் பற்றிப் பேசினார். மாமியாரின் பற்செட்டு வாஷிங் மெஷினுக்குள் போய்ச் சட்டைப்பைக்குள்ளிருந்து சிரித்த கதையைச் சொன்னார். புட்டியைத் திரும்பத் துணிக்கடியில் செருகிக்கொண்டே சொன்னார். குரல் நடுங்க நடுங்க, கண்ணில் நீர் வழிய வழிய, கதையை மட்டும் விடாமல் சொன்னார். பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு கதை. இம்முறை அது பாதியில் நிற்கவில்லை. பல்லி மூச்சை இழுத்துவிட்டார். பற்செட்டு வெளியே வந்த இடத்தில் சிரித்துவிட்டார். ஆடும் கையாலேயே காப்புக் கயிற்றை எட்டி இழுத்தார். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை நாய் கயிற்றைக் கவ்வியது. சத்தம் 'டக்'கென்று கேட்டதாம்.

அந்த இடத்தோடு அவர் சத்தம் போடாமல் கீழே இறங்கிப் போயிருக்கலாம். மேலே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. குடிக்காமல் வந்ததால்தான் மறந்தான் என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால், படிக்கட்டுதான் கதி. ஆனால் பல்லி அண்ணாந்து, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினார்.

"மேஸ்திரி! என் நாயை யாருமே கேக்கலை!"

நான் கைப்பிடிச்சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"என்னடா சொல்றே?"

"மாட்டாமயே இறங்கிட்டேன்! இப்ப மாட்டியாச்சு! கேளுங்க மேஸ்திரி, எப்பவும் கேக்கிற மாதிரி கேளுங்க!"

மேஸ்திரி இரண்டு கைகளாலும் சுவரைப் பற்றிக்கொண்டார். அவர் குரல் வரிசையில் கேட்கும் குரல்போல இல்லை.

"நாய் கடிக்குதாடா தம்பி?"

"கடிக்குது!"

ரேடியோவும் கத்தினார். அவரைத் தாண்டி இருந்தவர்களும் கத்தினார்கள். சுவர் முழுக்கக் "கடிக்குது! கடிக்குது!" என்று எதிரொலித்தது, கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர்கள் திரைகளை விலக்கிப் பார்த்தார்கள். பல்லி கண்ணாடி கண்ணாடியாக, மூலை விடாமல் துடைத்துக்கொண்டு தரைவரை போனார். பத்தாம் மாடி வந்தபோது நடுக்கம் விட்டுப்போனது. எட்டாம் மாடியில் மறுபடி வந்தது. ஐந்தாம் மாடியில் அதைப் பற்றி நினைக்கவே மறந்துவிட்டது.

தரையில் வெள்ளைத் தொப்பி காத்திருந்தது.

"நடுவுல ஏன் நின்னீங்க?"

பல்லி ஒளிக்காமல் சொன்னார். நாயை மாட்டாமல் இறங்கியதையும், ரேடியோ நீட்டிய புட்டியையும், மனம் அதன் பக்கம் சாய்ந்ததையும் சொன்னார். அவர் மனைவி தொப்பியைக் கழற்றி அவர் தோளில் இரண்டு அடி வைத்தார். அப்புறம் அதாலேயே அவர் முகத்து நுரையைத் துடைத்துவிட்டார்.

"சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வாங்க. பை கனமா இருக்கு, தூக்க ஆள் வேணும்."

இதைச் சொல்லப் பல்லி மின்தூக்கிக்காகக் காத்திருக்கவில்லை. படியேறியே மொட்டைமாடிக்கு வந்தார். "பை கனமாம்! பை கனமாம் சார்!" என்று மூச்சிரைத்தார். அதற்குள் மின்தூக்கியில் மேலே வந்திருந்த ரேடியோ அவரைத் தூக்கிச் சுற்றினார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி முதலில் புட்டியில்லாமல் வந்தார். ஒவ்வொருவரின் நாயையும் இழுத்தார், கேட்டார். எல்லோரையும் கேட்டு முடித்தபிறகு, "வேணுங்கிறவன் இந்தப் பக்கம் வா" என்று தொட்டியோரத்துக்குப் போய் மூடியைத் திறந்தார். இழுப்பு வேறு, மூடி வேறு என்று ஆனது. அதனால் எல்லோரும் உத்தமர்களாகிவிடவில்லை. ஒருவர் தொட்டிப்பக்கம் போவதை அந்த மாதமே நிறுத்தினார். ஒருவர் இன்றும் போகிறார். ரேடியோ நிறுத்துவார், தொடங்குவார், மறுபடி நிறுத்துவார். கை நடுங்குகிற காலைகளில் பல்லி அவர் பக்கத்துப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அவரைப் பேசவைத்தே இறக்கிவிடுவார். டாக்டரம்மாவிடம் அவரை இருமுறை அழைத்துப்போனதும் பல்லிதான்.

அந்தக் காலையில் மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். அக்குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவருடைய கயிற்றைச் சோதிக்கத் தவறியவர் அவருக்கு ஒரு சுவர் கடன்பட்டவர். கேட்கும் நாளில், கேட்கும் கட்டடத்தில், அவருக்குப் பதிலாக இவர் இறங்க வேண்டும். அவர் மேலே கால்நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். தட்டிக்கழிக்க முடியாது.

"உனக்கு நான் ஒரு சுவர் தரணும்டா" என்றார் மேஸ்திரி, எல்லோர் முன்னிலையிலும்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் விழுந்த நாளுக்குப் பிறகு மேஸ்திரி கைப்பிடிச்சுவரைத் தாண்டியதே இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. புட்டியில் மிஞ்சியதையெல்லாம் தினமும் யார் குடித்து முடித்தார் என்பதும் தெரியும்.

அதன்பின் ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் மேஸ்திரி பல்லியிடம் வந்து நிற்பார் என்று ரேடியோ எனக்குச் சொன்னார். "இது சின்னச் சுவர்தான். வேணுமா?" என்பார். முகம் வெளுத்திருக்கும்.

பல்லி சுவரை மேலிருந்து கீழ்வரை, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்போல நிதானமாகப் பார்ப்பார்.

"இது வேணாம் மேஸ்திரி. காத்து சரியில்லை."

இலைகூட அசையாத நாளாக இருக்கும். இன்னொரு கட்டடத்தில், "கண்ணாடி ரொம்ப அழுக்கு, உங்களுக்குக் கை வலிக்கும்" என்பார். மற்றொன்றில், "இதுல இறங்கினா நம்ம மரியாதை என்னாகும், பாருங்க எவ்ளோ அசிங்கமான கட்டடம்" என்பார். ரேடியோ பொறுக்கமாட்டாமல், "கேட்டு வாங்குங்கண்ணே, கால்நீட்டி உக்காரலாம்" என்று தூண்டுவார். பல்லி நாயை இழுத்துக் காட்டி, "கேளுங்க மேஸ்திரி" என்று மட்டும் சொல்வார். மேஸ்திரி கேட்பார்.

சென்ற ஆண்டு மேஸ்திரி வேலையை விட்டு, மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். விடைபெறும்போதும் கேட்டார்: "சுவர்?"

"நல்ல சுவரா ஒண்ணு வரட்டும் மேஸ்திரி, சொல்லி அனுப்புறேன்" என்றார் பல்லி. இதுவரை சொல்லி அனுப்பவில்லை.